பில்லைக் கட்டுவதா, மருத்துவமனையைக் கட்டுவதா?

மருத்துவச் செலவை அரசே ஏற்க வேண்டுமா, அவரவர் காப்பீடு எடுத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டுமா என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒருவர் இங்கிலாந்தையும் இன்னொருவர் அமெரிக்காவையும் சாட்சிக்கு இழுத்துவருவது வழக்கமாகிவிட்டது. 1948 ஜூலை 5 அன்று அனைரின் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதார சேவையைப் பெரும்பாலும் வரிப்பணமே நடத்துகிறது. அமெரிக்காவிலோ நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்கே செலவாகியும் சுமார் இரண்டரைக் கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு முறைகளையும் ஒரே கருவூலத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே மக்களிடம் நடத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு, உதாரணம் தேடி லண்டனுக்குப் போவானேன் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை தானே கட்டி, தானே ஆள் நியமித்து, தானே மருந்து வாங்கி நடத்துகிறது. இது பழைய ஏற்பாடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது புதிதாக ஒன்று சேர்ந்தது: ஏழைக் குடும்பத்தின் பிரீமியத்தை அரசு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டும், நோயாளி பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். 2012 ஜனவரியில் ஆட்சி மாற்றத்தோடு பெயரும் நிறுவனமும் மாறி அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டு, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆக, ஒரு கையால் மருத்துவமனையைக் கட்டும் அரசு மறு கையால் பில்லைக் கட்டுகிறது. அடுத்த ரூபாய் எந்தக் கைக்குப் போக வேண்டும் என்பதே என்னைப் பொறுத்தவரை உண்மையான விவாதம்.

என் மனைவியின் தம்பி ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. அரசாங்கம் ரொட்டி சுட வேண்டியதில்லை, ஓட்டல் நடத்த வேண்டியதில்லை. அப்படியிருக்க மருத்துவமனையை மட்டும் ஏன் நடத்த வேண்டும்? ஏழையின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டால், நல்ல மருத்துவமனை எது என்று அவன் தேர்ந்தெடுத்துக்கொள்வான். மோசமான மருத்துவமனை நோயாளி இல்லாமல் தானாகவே மூடும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: “அத்தான், இவ்வளவு பேசுறீங்களே, உங்க அம்மாவுக்கு ஒண்ணுன்னா பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவீங்களா?” அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது தனியார் மருத்துவமனைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம் என்பது அவருக்குத் தெரியும். எனக்கென்று ஒரு பாலிசியும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அவர் மூலமாகத்தான் புதுப்பிக்கிறேன். ஆகவே நான் வெளியே நின்று பேசவில்லை.

அந்தப் பாலிசியின் உள்கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை அக்காவின் பித்தப்பை அறுவை சிகிச்சையின்போதுதான் அருகிலிருந்து பார்த்தேன். அவளுடைய பாலிசித் தொகை 5 லட்சம். அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்பது உச்சவரம்பு. அந்த விலையில் அறை காலியில்லை என்று சொல்லி 10,000 ரூபாய் அறையில் சேர்த்தார்கள். கூடுதல் வாடகையை நாம் கட்டிவிட்டால் போதும் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. தகுதியான அறையைப் போல் இரண்டு மடங்கு விலையுள்ள அறையில் தங்கியதால், அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்பட்டன; மருந்துக்கும் பரிசோதனைக்கும் மட்டும் அந்த வெட்டு இல்லை. இது முறைகேடு அல்ல, பாலிசியின் ஷரத்திலேயே இருப்பது. தனியார் மருத்துவமனையில் அறையின் தரத்தைப் பொறுத்து மருத்துவரின் கட்டணமும் ஏறுகிறது என்பதால் காப்பீட்டு நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்த வேலி அது. இதற்குமேல் கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் என்று ‘பாலிசியில் சேராதவை’ ஒரு பக்கம் நீண்டது. காலையில் டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகும், இறுதி ஒப்புதல் மின்னஞ்சலுக்காகக் காப்பீட்டு மேசையின் எதிரே விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தோம்.

இவற்றையெல்லாம் சரிசெய்யக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முயலாமல் இல்லை. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்க அதிகபட்சம் காத்திருக்க வேண்டிய காலம் 2024-இல் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று அதே ஆண்டு உத்தரவு வந்தது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் முன் ஆலோசனையின்றி உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னார்கள். தனிநபர் பாலிசி மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. நல்ல மாற்றங்கள்தான், ஆனாலும் இந்த விதிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், நோயாளிகளை இயன்றவரை தவிர்க்கவும் ஆரோக்கியமானவர்களை இயன்றவரை சேர்க்கவும் விரும்புவதே இத்தொழிலின் இயல்பு என்பதும், அந்த இயல்புக்கு எதிராக ஒவ்வொரு முறையும் ஒரு கடிவாளம் போடவேண்டியிருக்கிறது என்பதும் புரியும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. நோய் வரும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே பாலிசி எடுத்தால் நிறுவனம் ஓராண்டுகூடத் தாங்காது. எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்து, வருமானத்துக்கு ஏற்ப வாங்கினால் அதற்கு வரி என்றுதான் பெயர்.

காப்பீடு எதற்கெல்லாம் பணம் தருகிறது என்பதைவிட, எதற்குத் தருவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. தனியார் பாலிசியானாலும் அரசின் அட்டையானாலும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லுபடியாகும். ஆனால் சாதாரணக் குடும்பத்தின் பணம் சிறுகச் சிறுகக் கரைவது வெளிநோயாளியாகப் போகும்போதுதான்: சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு பரிசோதனை. ஆயுள் முழுவதும் மாதாமாதம் வரும் இந்தச் செலவைப் பற்றிக் காப்பீட்டு விளம்பரம் எதுவும் பேசுவதில்லை. இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசியச் சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. குறைந்திருந்தாலும் அது பெரிய தொகை. அதில் மருந்துக்கடையின் பங்கு கணிசமானது.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு செய்த ஒரு காரியத்தை, அது தினமும் கண்ணில் படுவதாலேயே, நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு துறையும் தன் போக்கில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தது. கழகம் வந்த பிறகு மாநிலத்துக்கே ஒரே டெண்டர், பிராண்டுப் பெயர் கிடையாது, மருந்தின் மூலப்பெயர் மட்டுமே, வரும் ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகச் சோதனைக்குப் போய்த் தேறிய பிறகே விநியோகம், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கைப்போல ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனையே முடிவுசெய்து எடுத்துக்கொள்ளும். லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குவதால் விலை சந்தை விலைக்கு மிகக் கீழே இறங்கியது. ராஜஸ்தானும் கேரளமும் பின்னர் இதே வழியில் தத்தம் கழகங்களை அமைத்தன.

இதன் பலனை என் அத்தையின் ஊரில் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில் உள்ள அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவுக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் பெண்கள் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு நோட்டு. செவிலியர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதுவார். ஜன்னலில் மெட்ஃபார்மின், ஆம்லோடிபின் பட்டைகளை எண்ணி ஒரு மாதத்துக்குக் கொடுப்பார்கள். பட்டையின் பின்புறம் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். அத்தைக்கு முழங்கால் முடியாமல் போன பிறகு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார். சில மாதங்களில் ஒரு மாத்திரை இருப்பில்லாமல் ‘அடுத்த வாரம் பார்க்கலாம் பாட்டி’ என்று போய்விடுவதும் உண்டு. அப்போது அத்தை என் மைத்துனரைத் திட்டமாட்டார், அரசாங்கத்தைத்தான் திட்டுவார். யாரைத் திட்டுவது என்று தெரிவதுகூட அரசு மருத்துவத்தின் ஒரு வசதி. பிரஷர் மாத்திரையை முப்பது ஆண்டுகள் தவறாமல் விழுங்கிய ஒருவருக்குப் பக்கவாதம் வராமல் போனால் அதற்கு எந்த பில்லும் எழாது. பில் எழாததைக் காப்பீடு கணக்கில் எடுத்துக்கொள்ள வழியில்லை.

அரசின் காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். அந்த அட்டையால் உயிர் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். இதய அறுவை சிகிச்சைக்கு நிலத்தை விற்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அது கடவுள் போல வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற விதியால், பலரும் ஆள் படுத்த பிறகுதான் வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுகிறார்கள் என்பது அதன் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை தொகுப்புக் கட்டணத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு விலை நிர்ணயிக்கிறது. அந்த விலை கட்டுபடியாகாத சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் படுக்கை கிடைக்காது. கட்டுபடியாகும் சிகிச்சை தேவையில்லாதவருக்கும் நடக்கும். 2012 வாக்கில் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் அப்போதைய தேசியக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இளம்பெண்களுக்குக் கூடத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக எழுந்த புகார்கள் இதன் கோரமான முகம். அட்டையைக் கையில் வைத்திருப்பவர் தேர்ந்தெடுப்பார் என்று மைத்துனர் சொல்கிறார். வயிற்று வலியோடு வரும் ஒரு பெண்ணுக்குத் தன் கருப்பையை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று எப்படித் தெரியும்? எடுக்கச் சொல்பவரும் எடுத்துக் காசு வாங்குபவரும் ஒருவரே என்னும்போது தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் மாநிலத்தில் இந்தத் தீமை அந்த அளவுக்குப் போகாததற்கு, அரசு மருத்துவமனைகளும் அதே திட்டத்தின் பட்டியலில் இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தாலும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும், மிச்சம் கருவிகள் வாங்கவும் போகிறது. தனியாருக்கு விலை படியவில்லை என்றால் நோயாளிக்குப் போக்கிடம் இருக்கிறது. பாம்புக்கடி, தீக்காயம், பூச்சிமருந்து குடித்தவர், யாரென்று தெரியாத விபத்துக் கேஸ் என்று வந்தால் ‘ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க’ என்று நர்சிங் ஹோம் வாசலிலேயே சொல்லிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜி.எச். என்று ஒன்று இருப்பதால்தான் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிகிறது. பட்டியலில் தனியார் மட்டுமே இருந்தால், அவர்கள் கேட்கும் விலையை அரசு கொடுத்தே ஆகவேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஜூனில், தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்தான் உச்சம் என்று தமிழக அரசால் துணிந்து சொல்ல முடிந்ததும் தன் கையில் ஆயிரக்கணக்கான படுக்கைகள் இருந்ததால்தான்.

இனி மைத்துனரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவை ஏன் கூட்டிப் போகவில்லை? மருத்துவர்களின் திறமை மீது எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நாளில் அவர்கள் பார்க்கும் நோயாளிகளைத் தனியார் மருத்துவர் ஒரு மாதத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். தயங்கவைத்தது கழிப்பறை, படுக்கை கிடைக்காமல் தரையில் பாய் விரித்திருப்பவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கும் நீளும் கை, கேள்வி கேட்டால் எரிந்து விழும் குரல். சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்று மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் கட்டணத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை, வெளியே அதைப்போலப் பல மடங்கு. ரசீது இல்லாத நூறு ரூபாய்தான் மனிதனைக் கூசவைக்கிறது.

அரசு மருத்துவமனையை அரசே நம்பவில்லை என்பது இதைவிட மோசம். மாநில அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனியே ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021 முதல் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் செவிலியரே அந்த அட்டையோடு தனியாருக்குப் போகலாம். மாவட்ட ஆட்சியர் ஒருவர் அரசு மருத்துவமனையில் குழந்தை பெற்றுக்கொண்டால் அது படத்தோடு செய்தியாகிறது. அதிகாரியும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் வெளியேறிவிட்ட மருத்துவமனையில், குடிதண்ணீர் வரவில்லை என்று மனு எழுதவும் தெரிந்தவர்களை அழைக்கவும் ஆள் மிஞ்சுவதில்லை. நானும் அப்படி வெளியேறியவன்தான். காப்பீடு எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியே என்னோடு என் புகாரும் வெளியே போய்விட்டது.

வரிப்பணத்தை நம்பிய மருத்துவத்துக்கு ஓர் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இலங்கை 1951-லேயே அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கிய நாடு. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை வரை யாரும் பில்லைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன நாடு. 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்துகள் கிடைக்காமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன, மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். கருவூலம் காய்ந்தால் வார்டும் காயும். இதற்குத் தனியார் காப்பீடு மாற்று என்று சிலர் சொல்வது எனக்குப் பிடிபடவில்லை. டாலர் இல்லாத நாட்டில் காப்பீட்டு அட்டையைக் காட்டி எந்த மருந்தை வாங்குவது?

ஏழ்மை காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-லேயே அறிக்கை கொடுத்தது. 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கையோ, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. 2021-22-இல், அதுவும் கொரோனாச் செலவையும் சேர்த்து, 1.84 சதவீதத்தில்தான் நின்றோம். தமிழ்நாட்டின் சுகாதாரத் துறைக்கான ஆண்டு ஒதுக்கீடு இருபதாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது, அதில் காப்பீட்டுக்குப் போவது சிறு பகுதியே என்பது எனக்கு ஆறுதல். ஆனாலும் புதிய திட்டம் அறிவிக்கும் மேடைகளில் அட்டைக்குத்தான் கைதட்டல் அதிகம். அட்டையில் தலைவர் படம் போடலாம். காலியாக இருக்கும் மயக்க மருத்துவர் பணியிடத்தை நிரப்பினால் அதில் படம் போட இடமில்லை.

அண்மைக் காலமாகச் சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணப் படுக்கை அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. இலவசத்தின் நடுவே காசு வாங்கும் அறை எதற்கு, இது தனியார்மயத்தின் முதல் படி என்று என் நண்பர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அறை மட்டுமே வேறாக இருக்க வேண்டும், மருத்துவரும் அறுவை அரங்கும் முன்னுரிமை வரிசையும் பொதுவார்டுக்காரருக்கு எதுவோ அதுவே கட்டண அறைக்காரருக்கும். அரசு ஊழியர் காப்பீட்டின் பணமும் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும் என்று விதி செய்தால், ஆண்டுதோறும் தனியாருக்குப் போகும் தொகையில் ஒரு பகுதி திரும்பி வரும். மனு எழுதத் தெரிந்தவர்களும் அதனோடு திரும்பி வருவார்கள். இதை மைத்துனரிடம் சொன்னபோது, அந்தக் கட்டண அறைக்கும் பாலிசி செல்லும், தாராளமாகப் போங்கள் என்றார். கூடவே, “கழிப்பறையைக் கழுவுற ஒப்பந்தக்காரனை முதல்ல மாத்தச் சொல்லுங்க அத்தான்” என்றார். துப்புரவுப் பணி தனியார் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அங்கே பெருக்கித் துடைக்கும் பெண்களுக்குக் கைக்கு வரும் கூலியைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கழிப்பறை ஏன் அப்படி இருக்கிறது என்பதும் ரசீது இல்லாத நூறு ரூபாய் ஏன் கேட்கப்படுகிறது என்பதும் சேர்ந்தே விளங்கும். அடுத்த ரூபாயை நான் முதலில் அவர்கள் சம்பளத்தில்தான் போடுவேன். அதற்கடுத்த ரூபாய் அத்தை ஊர் மருந்து ஜன்னலுக்கு. அட்டைக்கான தொகையை உயர்த்துவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.